குற்றவாளி என்று சொன்ன பிறகு

"உனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா?" என்று மாஜிஸ்ட்ரேட் இந்தியில் கேட்டார். கூண்டில் நின்ற பையன் பெரியவர்களிடம் மறுத்துப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன். "குச் நஹி, சாப்" என்று தலையைக் குனிந்துகொண்டான். ஓராண்டு கடுங்காவல், ஆயிரம் ரூபாய் அபராதம். கேள்விக்கும் தண்டனைக்கும் நடுவே இரண்டு நிமிடம் ஆகியிருந்தால் அதிகம்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. பையனின் தகப்பனார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். திலக் நகர் ஸ்டேஷன் அருகே காலை வேளையில் இட்லி வியாபாரம். கணபதி விழாப் பந்தலில் இரண்டு கோஷ்டிகளுக்குள் கைகலப்பு வந்து ஒருவனுடைய மண்டை உடைந்தது. அப்போது இந்தப் பையனுக்கு வயது 19. மராத்தியிலும் ஆங்கிலத்திலும் வரும் காகிதங்களைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்று என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் ரயில்வேயில் பாலமும் தண்டவாளமும் பார்த்தவன். சட்டம் படித்தவன் அல்ல. தீர்ப்பு நாளன்று அமர்த்தியிருந்த வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை. ஜூனியர் ஒருவர் வந்து நின்றார். மாஜிஸ்ட்ரேட் கேட்ட கேள்வி ஒரு சம்பிரதாயம் என்றே நானும் நினைத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்தக் கேள்வியின் கனம் என்ன என்று விளங்க எனக்கு மேலும் சில மாதங்கள் ஆயின. அலைந்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன். வழக்கு நடத்த வக்கீல் வேண்டும். வக்கீலிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது போதும்.

இரண்டு கேள்விகள்

குற்ற வழக்கின் முடிவு இரண்டு கட்டமாக வருகிறது. முதலாவது, செய்தானா இல்லையா. செய்தான் என்று முடிவானால் இரண்டாவது, இவனை என்ன செய்வது. முதல் கேள்விக்குச் சாட்சி, தடயம், குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. இரண்டாவதற்கு வேண்டிய சரக்கே வேறு: வயது, படிப்பு, வீட்டு நிலைமை, முன்பு வழக்கு உண்டா, நோய் உண்டா, அடிபட்டவனுக்கு ஏதாவது ஈடு செய்தார்களா, செய்ததற்கு வருத்தம் உண்டா. இவை விசாரணையின்போது வெளியே வந்திருக்காது. "நான் அங்கே இல்லவே இல்லை" என்று வாதாடுகிறவன் அதே மூச்சில் "தெரியாமல் அடித்துவிட்டேன், மன்னியுங்கள்" என்று எப்படிச் சொல்வான்?

1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த இரண்டாம் கட்டம் தனியாக இல்லை. சட்ட ஆணையம் தன் 48-ஆவது அறிக்கையில் இதற்குப் பரிந்துரை செய்தது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது இடம் பிடித்தது. செஷன்ஸ் கோர்ட்டுக்கு 235(2) பிரிவு, மாஜிஸ்ட்ரேட் விசாரிக்கும் வாரண்ட் வழக்குகளுக்கு 248(2) பிரிவு. குற்றவாளி என்று தீர்மானித்த பின், தண்டனை குறித்து அவன் சொல்வதைக் கேட்டுவிட்டே தண்டிக்க வேண்டும் என்பது இதன் சாரம். 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. அதில் இவை 258(2), 271(2). எண்கள் மாறினவே தவிர விஷயம் அதேதான்.

ரயில்வே நண்பர்களுக்கு இங்கே ஒன்று நினைவுக்கு வரும். அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்குவதானால், விசாரணை முடிந்த பிறகும் "இன்ன தண்டனை கொடுக்க உத்தேசம், நீ என்ன சொல்கிறாய்?" என்று இரண்டாவது நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருந்தது. அரசியல் சாசனத்தின் 311-ஆவது பிரிவு தந்த பாதுகாப்பு அது. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. கூண்டில் நிற்பவனுக்குக் கிடைத்த வாய்ப்பு, ஏறத்தாழ அதே சமயத்தில் கேங்மேனுக்குப் பறிபோயிற்று. இதைப் பற்றி அந்நாளில் நாங்கள் கேண்டீனில் பேசாத பேச்சில்லை.

சட்டத்தில் எழுதிவிட்டால் போதுமா? பல கோர்ட்டுகளில் அது ஒரு வரிச் சடங்காகவே நடந்தது. 1976-இல் பஞ்சாபைச் சேர்ந்த சாந்தா சிங் வழக்கில், தண்டனை பற்றிக் கேட்காமலே மரண தண்டனை விதித்துவிட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைத் தண்டனை விசாரணைக்காகச் செஷன்ஸ் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பியது. அடுத்து வந்தது நம் தமிழ்நாட்டு வழக்கு. 1981-இல் முடிவான முனியப்பன் வழக்கில், தண்டனை பற்றிக் கேட்டபோது எதிரி ஒன்றும் சொல்லவில்லை என்று செஷன்ஸ் நீதிபதி எழுதி, தூக்குத் தண்டனை விதித்திருந்தார். ஒப்புக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டால் கடமை தீர்ந்துவிடாது, தண்டனையைத் தீர்மானிக்க உதவும் விவரங்களை அவனிடமிருந்து வரவழைக்க நீதிபதி மெய்யாகவே முயல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, தூக்கை ஆயுள் தண்டனையாக மாற்றியது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு "குச் நஹி, சாப்" என்ற குரல்தான் கேட்டது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. 1978-இல் கொண்டுவந்த திருத்தம் ஒன்று, தண்டனை குறித்துக் காரணம் சொல்வதற்காக மட்டும் வழக்கைத் தள்ளிவைக்கக் கூடாது என்கிறது. ஆனால் 1989-இல் அலாவுதீன் மியான் வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றவாளி என்று அறிவித்த பின் பொதுவாக வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்து, இரு தரப்பும் தண்டனைக்கு வேண்டிய விவரங்களைக் கொண்டுவர இடம் கொடுக்க வேண்டும் என்றது. நடைமுறையில் என்ன நடக்கிறது? பெரிய வழக்குகளில் தள்ளிவைக்கிறார்கள். சின்ன வழக்குகளில் அன்றே, அந்த மணியிலேயே முடித்துவிடுகிறார்கள். ஆகவே நம்மைப் போன்றவர்கள் தண்டனைக்கான காகிதங்களைத் தீர்ப்பு நாளுக்கு முன்பே பையில் வைத்திருக்க வேண்டும். "விடுதலை ஆகப்போகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு, அபசகுனமாக?" என்று அந்தப் பையனின் தாயார் கேட்டதும் எனக்கு நினைவிருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் தகரப் பெட்டியிலேயே இருந்தது.

மும்பை கண்ட நீண்ட தண்டனை விசாரணை

இந்த இரண்டாம் கட்டம் எவ்வளவு நீளக் கூடும் என்பதை நம் ஊரே பார்த்திருக்கிறது. 1993 மார்ச் 12 குண்டுவெடிப்புகளில் 257 பேர் இறந்தார்கள். ஆர்தர் ரோடு ஜெயில் வளாகத்திலேயே தடா தனி நீதிமன்றம் நடந்தது. 123 பேர் மீதான தீர்ப்பை நீதிபதி பி.டி. கோடே 2006 செப்டம்பர் 12 முதல் ஒவ்வொருவராக அறிவிக்கத் தொடங்கினார். 100 பேர் குற்றவாளிகள், 23 பேர் விடுதலை. தண்டனைகள் அறிவித்து முடிந்தது 2007 ஜூலை 31-இல்: 12 பேருக்கு மரண தண்டனை, 20 பேருக்கு ஆயுள், மற்றவர்களுக்குப் பல அளவுகளில். குற்றவாளி என்ற சொல்லுக்கும் எத்தனை ஆண்டு என்ற எண்ணுக்கும் நடுவே பலருக்கு மாதக் கணக்கில் இடைவெளி இருந்தது.

நடிகர் சஞ்சய் தத் விஷயம் எல்லோருக்கும் தெரியும். 2006 நவம்பரில் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டு, ஆயுதச் சட்டத்தின்கீழ் மட்டும் குற்றவாளி ஆனார். நன்னடத்தைச் சட்டப்படி தன்னை விட்டுவிடக் கோரினார். நீதிமன்றம் ஏற்காமல் 6 ஆண்டு விதித்தது. 2013 மார்ச் 21-இல் உச்ச நீதிமன்றம் அதை 5 ஆண்டாக்கியது. அந்தப் பிரிவில் அதற்குக் கீழே போக முடியாது. சரணடைய 4 வாரம் கொடுத்தார்கள். அவர் மேலும் அவகாசம் கேட்டு மனுப் போட, இன்னொரு 4 வாரம் கிடைத்தது. மறு ஆய்வு மனு தள்ளுபடியானது. மே 16-இல் சரணடைந்தார். முன்பே சுமார் 18 மாதம் உள்ளே இருந்திருந்ததால் அது கழிந்து, 2016 பிப்ரவரி 25-இல் வெளியே வந்தார். தண்டனைக்கு எதிரான அப்பீல், சரணடைய அவகாசம், மறு ஆய்வு, கழிவு என்று இந்த ஒரு மனிதர் கதையிலேயே நான்கு வேறு கட்டங்கள் இருக்கின்றன. நடிகர் என்பதால் வந்த சலுகை என்று டீக்கடையில் சொல்வார்கள். மனுப் போடும் உரிமை யாருக்கும் உண்டு. மனுவை எடுத்துப்போக நல்ல வக்கீல் இருந்தார் என்பதே வித்தியாசம் என்பது என் எண்ணம்.

பெங்களூரு வழக்கின் 21 நாட்கள்

இன்னொன்று தமிழர் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த வழக்கு. அரசியலை ஒதுக்கிவைத்துவிட்டு நடைமுறையை மட்டும் பார்ப்போம். 2014 செப்டம்பர் 27, பெங்களூரு பரப்பன அக்ரஹாராவில் நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா, சொத்துக் குவிப்பு வழக்கில் ஜெயலலிதா உள்ளிட்ட நால்வரும் குற்றவாளிகள் என்றார். தண்டனையும் அன்றே. அவருக்கு 4 ஆண்டு, 100 கோடி ரூபாய் அபராதம். மற்ற மூவருக்கும் 4 ஆண்டு, தலா 10 கோடி. அங்கிருந்தே சிறை.

தண்டனை 3 ஆண்டுக்குள் இருந்து, அதுவரை ஜாமீனில் இருந்தவர் அப்பீல் செய்யப்போவதாகச் சொன்னால், தண்டித்த கோர்ட்டே ஜாமீன் தர வேண்டும், தனிக் காரணம் இருந்தாலொழிய மறுக்க முடியாது. பழைய சட்டத்தில் 389(3), புதியதில் 430(3). 4 ஆண்டு என்றதால் அந்தக் கதவு மூடிவிட்டது. மேல் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அக்டோபர் 7-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் மறுத்தது. அக்டோபர் 17-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் தந்தது. அப்பீலுக்கான ஆவணங்களை இரண்டு மாதத்தில் தயார்செய்து கொடுக்க வேண்டும் என்ற கண்டிப்போடு. 18-இல் வெளியே வந்தார். ஆக 21 நாள்.

தண்டனையை நிறுத்திவைப்பது வேறு, குற்றவாளி என்ற தீர்மானத்தை நிறுத்திவைப்பது வேறு. முன்னதில் ஆள் வெளியே வருவார், தகுதியிழப்பு நீங்காது. ராகுல் காந்திக்கு 2023 மார்ச் 23-இல் சூரத் கோர்ட்டு 2 ஆண்டு விதித்தபோது, தண்டனை சீக்கிரமே நிறுத்திவைக்கப்பட்டது, ஆனால் எம்.பி. பதவி போனது போனதுதான். ஆகஸ்ட் 4-இல் உச்ச நீதிமன்றம் குற்றத் தீர்மானத்தையே நிறுத்திவைத்த பிறகு பதவி திரும்ப வந்தது. உச்சபட்சமான 2 ஆண்டை ஏன் கொடுத்தார் என்று விசாரணை நீதிபதி காரணம் எழுதவில்லை என்பதை அப்போது சுட்டிக்காட்டினார்கள். ஒரு நாள் குறைத்திருந்தால்கூட அந்தத் தகுதியிழப்பு வந்திராது. தண்டனைக் கட்டத்தில் ஒரு நாளின் விலை அது.

பெங்களூரு வழக்குக்குத் திரும்புவோம். 2015 மே 11-இல் உயர் நீதிமன்றம் நால்வரையும் விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் 10 கடன்களைக் கூட்டிய இடத்தில் 24 கோடியே 17 லட்சம் என்று இருந்தது. உண்மையில் கூட்டினால் 10 கோடியே 67 லட்சம்தான் வரும். எங்கள் பிரிவில் எஸ்டிமேட்டில் இப்படி ஒரு கூட்டல் போட்டிருந்தால் டிராப்ட்ஸ்மேன் கதி என்னவாகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டேன். தீர்ப்பில் கையெழுத்திட்ட பின் எழுத்துப் பிழை, கணக்குப் பிழை தவிர வேறெதையும் அந்த நீதிமன்றமே மாற்ற முடியாது என்பது 362-ஆவது பிரிவு, இன்று 403. இங்கே பிழையைத் திருத்தினால் முடிவே ஆட்டம் காணும் என்ற நிலை. விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2017 பிப்ரவரி 14-இல் டி'குன்ஹாவின் தீர்ப்பு மற்ற மூவர் மீதும் மீண்டும் உயிர்பெற்றது. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5-இலேயே காலமாகியிருந்ததால் அவர் மீதான வழக்கு அற்றுப்போயிற்று. சசிகலா சரணடைய அவகாசம் கேட்டார், கிடைக்கவில்லை. மறுநாளே சிறைக்குப் போனார். அவருக்கு விதித்த 10 கோடி அபராதத்தைக் கட்டாவிட்டால் மேலும் ஓராண்டு என்பதால், 2020 நவம்பரில் தொகையைக் கட்டினார்கள். முன்பு உள்ளே இருந்த நாட்களும் கணக்கில் சேர்ந்து, 2021 ஜனவரி 27-இல் விடுதலை.

அபராதம் பற்றி ஒரு சொல். கட்டத் தவறியதற்கான சிறை, தண்டனைக் காலம் முடிந்த பிறகு தனியாக ஓடும். விசாரணைக் கைதியாக இருந்த நாட்களை 428-ஆவது பிரிவின்படி, இன்று 468, தண்டனையில் கழிப்பார்கள். அபராதச் சிறையில் கழிக்க மாட்டார்கள். ஆயிரம் ரூபாய் கட்ட ஆளில்லாமல் கூடுதலாக ஒரு மாதம் உள்ளே கிடக்கும் பிழைப்புத் தேடி வந்த பையன்கள் இருக்கிறார்கள்.

நிறுத்திவைத்த தண்டனை நிரந்தரம் என்றும் நினைத்துவிடக் கூடாது. நம் திலக் நகர்ப் பெயரோடு சேர்த்தே பத்திரிகைகள் எழுதும் சோட்டா ராஜனுக்கு, 2001-இல் நடந்த ஹோட்டல் அதிபர் கொலை வழக்கில் 2024 மே மாதம் மும்பைத் தனி நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. வேறு வழக்கில் ஏற்கெனவே ஆயுள் தண்டனை இருந்ததால் ஆள் வெளியே வரவில்லை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ஜாமீனையும் ரத்து செய்தது.

அமெரிக்காவில் எப்படி

நம் வீடுகளில் பாதிப் பேருக்கு அங்கே பிள்ளைகள் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் விசாரணை செய்த நீதிபதியிடமே "தவறாகத் தீர்த்துவிட்டீர்கள், மாற்றுங்கள்" என்று மனுப் போட வழியில்லை. மேலேதான் போக வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் அப்படி இல்லை. ஜூரிகள் குற்றவாளி என்று சொன்ன 14 நாளுக்குள் அதே நீதிபதியிடம் இரண்டு வகை மனுப் போடலாம். இந்தச் சாட்சியங்களைக் கொண்டு யாரும் குற்றம் என்று சொல்ல முடியாது, விடுவியுங்கள் என்பது ஒன்று (விதி 29). நீதிக்குப் புறம்பாக ஏதோ நடந்துவிட்டது, புதிதாக விசாரியுங்கள் என்பது மற்றது (விதி 33). புதிய சாட்சியம் கிடைத்ததாகச் சொல்லும் மனுவுக்கு மட்டும் 3 ஆண்டு அவகாசம்.

கொழும்பில் பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினம் வழக்கு இதற்கு நல்ல பாடம். கேலியன் என்ற முதலீட்டு நிறுவனத்தை நடத்தியவர். உள்தகவலை வைத்துப் பங்கு வியாபாரம் செய்ததாக, நியூயார்க்கில் 2011 மே 11-இல் 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்றார்கள். விடுவிக்கக் கோரிய மனுவை நீதிபதி ரிச்சர்ட் ஹோல்வெல் ஆகஸ்டில் தள்ளினார். தண்டனை அக்டோபர் 13-இல். இடையில் இருந்த ஐந்து மாதம் சும்மா கழியவில்லை. நன்னடத்தை அலுவலர் ஒருவர் குற்றவாளியின் பிறப்பு, குடும்பம், உடல்நிலை, சொத்து, குற்றத்தின் அளவு எல்லாவற்றையும் விசாரித்து ஓர் அறிக்கை தயாரிப்பார். அதைத் தண்டனை நாளுக்கு 35 நாள் முன்பே எதிரிக்குக் காட்ட வேண்டும். 14 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். தண்டனைக்கு வழிகாட்டி அட்டவணை உண்டு. 2005 முதல் அது நீதிபதியைக் கட்டுப்படுத்தாது, யோசனை மட்டுமே. ராஜரத்தினத்துக்கு அரசுத் தரப்பு அட்டவணைப்படி சுமார் 19½ முதல் 24 ஆண்டுக்கு மேல் வரை கேட்டது. நீதிபதி அவருடைய முற்றிய நீரிழிவு நோயையும் சிறுநீரகப் பழுதையும் தர்மகாரியங்களையும் எடைபோட்டு 11 ஆண்டு கொடுத்தார். ஒரு கோடி டாலர் அபராதம் தனி. அதே விவகாரத்தில் சிக்கிய ரஜத் குப்தாவுக்கு அட்டவணை ஆறரை ஆண்டுக்குக் குறையாமல் காட்டியது. பில் கேட்ஸ், கோபி அன்னான் உட்படப் பலர் நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். 2012 அக்டோபரில் கிடைத்தது 2 ஆண்டு.

நமக்கு பில் கேட்ஸ் கடிதம் தர மாட்டார். ஆனால் பள்ளித் தலைமையாசிரியர் தருவார், வேலை கொடுத்தவர் தருவார், சங்கச் செயலாளர் தருவார்.

அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தும் ஆபத்து உண்டா என்று தன் வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வெளிநாட்டவருக்கு உரிமை உண்டு; 2010-இல் படில்லா வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. இங்கேயும் "ஒப்புக்கொள், அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகலாம்" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. ஒப்புக்கொண்டால் குற்றத் தீர்மானத்தின் மேல் அப்பீல் கிடையாது. தண்டனை அதிகமா, சட்டப்படி சரியா என்று மட்டுமே கேட்க முடியும்.

எண்ண வேண்டிய நாட்கள்

நம் பையன் கதைக்கு வருகிறேன். ஓராண்டு தண்டனை, அதுவரை ஜாமீனில் இருந்தவன். அன்றே, அந்தக் கோர்ட்டிலேயே "அப்பீல் போகிறோம், ஜாமீன் வேண்டும்" என்று ஒரு மனுக் கொடுத்திருந்தால் வீட்டுக்கு வந்திருப்பான். யாரும் கொடுக்கவில்லை. எல்லோரும் அழுதோம், அவ்வளவுதான். மறுநாள் சனி, பிறகு ஞாயிறு, திங்கள் விடுமுறை. வேறு வக்கீல் பிடித்து, செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் போட்டு, தண்டனையை நிறுத்திவைத்து ஆள் வெளியே வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் தகப்பனார் கடை வைக்கவில்லை.

மாஜிஸ்ட்ரேட் விதித்த தண்டனை மீது செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள். செஷன்ஸ் கோர்ட்டு விதித்ததன் மீது உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள்; மரண தண்டனையானால் 30. தீர்ப்பு நகல் பெற ஆன நாட்களை இதில் சேர்க்க மாட்டார்கள். தாமதமானாலும் காரணம் சொல்லிப் பொறுத்துக்கொள்ளக் கேட்கலாம். சிறைத் தண்டனை என்றால் தீர்ப்பு நகலை உடனே, இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது 363-ஆவது பிரிவு, இன்று 404. அதே பிரிவில், குற்றவாளி விரும்பினால் இயன்றவரை அவனுடைய மொழியில் மொழிபெயர்ப்பும் பெறலாம் என்றிருக்கிறது. தமிழில் கேட்டவர் எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. மராத்தியில் இருந்த தீர்ப்பை நான் எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழில் சொல்ல, அந்தத் தாயார் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பணமில்லாவிட்டாலும் வழியுண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில், காவலில் இருப்பவர், பெண்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி எண் 15100. உள்ளே இருப்பவர் ஜெயில் அதிகாரியிடமே அப்பீல் மனுவைக் கொடுத்தால் அவர் அனுப்பிவைக்க வேண்டும்.

செஷன்ஸ் கோர்ட்டில்தான் எங்களுக்குப் புதிய வக்கீல் அம்மா ஒரு கேள்வி கேட்டார்: "பையனுக்கு என்ன வயது?" 1958-ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவைக் காட்டினார். 21 வயது ஆகாதவன், ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றம் என்றால், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை வரவழைத்துப் பார்க்க வேண்டும்; சிறைதான் வேண்டும் என்றால் காரணத்தை எழுத வேண்டும். அடிதடி நடந்த அன்று வயது என்ன என்பது கணக்கில்லை. கோர்ட்டு தண்டனை விதிக்கும் நாளின் வயதே கணக்கு என்று 1963-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு நாளன்று பையனுக்கு 20 வயது 10 மாதம். வழக்கு இன்னும் மூன்று மாதம் இழுத்திருந்தால் அந்தப் பிரிவின் பாதுகாப்பு போயிருக்கும். தகரப் பெட்டியிலிருந்த சான்றிதழ் அப்போதுதான் வெளியே வந்தது.

அப்பீல் கோர்ட்டுக்கும் இந்தச் சட்டப்படி அதிகாரம் உண்டு. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்தார், பக்கத்தில் விசாரித்தார், பையன் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பிலும் கேட்டார். அடித்தது உண்மை என்ற தீர்மானம் அப்படியே நின்றது. அதில் மாற்றம் கேட்கவும் எங்களுக்கு முகமில்லை. சிறைக்குப் பதிலாக, இரண்டாண்டு ஒழுங்காக இருப்பதாகப் பத்திரம், ஒரு ஜாமீன்தாரர், அடிபட்டவனுக்கு வைத்தியச் செலவு. அந்தப் பணத்தைத் தகப்பனார் தம் கையாலேயே கோர்ட்டில் கட்டினார். அடிபட்ட பையனின் தாயாரும் வந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பத்திரக் காலம் முடிந்து போன வருஷம் பையன் என்னிடம் ஒரு விண்ணப்பத்தோடு வந்தான். ரயில்வே வேலைக்கு. "எப்போதாவது குற்றவாளி எனத் தீர்ப்பு ஆகியுள்ளதா?" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது, மாமா? அதே 1958 சட்டத்தின் 12-ஆவது பிரிவு, இப்படி விடப்பட்டவருக்குக் குற்றத் தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது. ஆனால் தீர்ப்பே இல்லை என்று ஆகிவிடாது. தென்னக ரயில்வேயில், ஒலவக்கோடு கோட்டத்தில் ஒரு பாயிண்ட்ஸ்மேன், குடித்துவிட்டுத் தகராறு செய்ததற்காக நன்னடத்தைச் சட்டப்படி எச்சரித்து விடப்பட்டும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 1975-இல் உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது இது: குற்றத் தீர்மானம் அழிந்துவிடவில்லை, ஆனால் அது இருக்கிறது என்பதற்காக யோசிக்காமல் நீக்கவும் முடியாது, அதிகாரி சூழ்நிலையை எடைபோட வேண்டும். "ஆம் என்று எழுது, செஷன்ஸ் கோர்ட்டு உத்தரவின் நகலை இணைத்துவிடு, மறைத்தால் அதுவே தனிக் குற்றமாகும்" என்றேன். எழுதி, நகலை இணைத்து அனுப்பியிருக்கிறான். இன்னும் பதில் வரவில்லை.